கடைசி டியூப்லைட்

விசிட்டிங் கார்டில் 'விளக்கு வடிவமைப்பாளர்' என்று போட்டிருந்தாலும் வேலைபார்க்கும் விளக்குக் கடையில் அவனை எல்லோரும் டிம்மர் என்றுதான் கூப்பிட்டார்கள். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் சுவரில் திருகுவோமே, அந்தக் குமிழின் பெயர். இவன் கூட்டியதாகச் சரித்திரம் இல்லை. குறைத்துக்கொண்டேதான் போவான். வாடிக்கையாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மேலே பார்ப்பான். மேலே டியூப்லைட் இருந்தால், சாப்பாட்டில் முடியைக் கண்டவன்போல முகத்தை வைத்துக்கொள்வான். "வெளிச்சம் யாரு வேணா போடலாம் சார். நிழல் போடத்தான் ஆள் வேணும்" என்பான். இந்த ஒரு வசனத்தில் விழுந்தவர்கள் பலர். ஒருவர் கைதட்டவே செய்தார்.

ஊருக்கெல்லாம் நிழல் போட்டுக் கொடுத்தவனின் சொந்த வீட்டில், கட்டியவர்கள் மாட்டிவிட்டுப் போன டியூப்லைட்கள்தான் எரிந்தன. ஹாலில் இரண்டு, சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒன்று, சமையலறையில் ஒன்று. நண்பர்களை அவன் பகலில் மட்டும்தான் வீட்டுக்கு அழைப்பான்.

போன வருஷம் மாமியார் காலமானபின் மாமனார் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை, ஒரு குடை, ஒரு சவரப் பெட்டி. நெசவு மில்லில் முப்பத்துநாலு வருஷம் தறி ஃபிட்டராக இருந்தவர். மாமியாரும் அதே தறிக்கூடம்தான். இருநூறு தறி ஒரே நேரத்தில் ஓடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே யாரும் கத்துவதில்லை. வாயை அசைப்பார்கள், மற்றவர் பார்த்துப் புரிந்துகொள்வார். நாலு தறி தள்ளி நின்று, ஒரு சொல்கூடச் சத்தமாக வராமல், அவர்களுடைய கல்யாணமே அப்படித்தான் முடிவானதாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சண்டை வந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று வாயசைத்தே போட்டுக்கொள்வார்கள். நடுவில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கும் மகள் தலையைத் தூக்கினால்தான் சண்டை நடப்பதே அவளுக்குத் தெரியும். "எல்லா வீட்டுலயும் சத்தம் வந்தா பயப்படுவாங்க. எங்க வீட்டுல சத்தம் நின்னா பயப்படணும்" என்று கல்யாணமான புதிதில் அவள் டிம்மரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வந்த முதல் நாலு மாதம் மாமனாருக்கு வாய் ஓயவில்லை. லிஃப்ட் ஏன் மூன்றாவது மாடியில் முனகுகிறது, எதிர்வீட்டு நாய்க்கு ஏன் தன்னைப் பிடிக்கவில்லை, ஒரு தறி கெட்டுப்போவதை ஃபிட்டர் எப்படி உள்ளங்கையை வைத்தே கண்டுபிடிப்பான் என்று எதையாவது எடுத்து விட்டுக்கொண்டே இருப்பார். டிவியில் செய்தி பார்ப்பார், ஆனால் சத்தத்தை வைக்கமாட்டார். "அந்தப் பொண்ணு தெளிவாத்தான் பேசுது, சத்தம் வேற எதுக்கு?" என்பார். அடுத்தவர் நிம்மதியைக் கெடுக்காத பெருந்தன்மை என்று மகளும் மருமகனும் பூரித்துப்போனார்கள்.

அப்போதுதான் டிம்மருக்கு ரோஷம் வந்தது. கடை முதலாளியம்மா ஒருநாள் திடுதிப்பென்று வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, மேலே நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பான். மறுநாளே ஏணியைத் தூக்கினான்.

முதலில் ஹால். டியூப்லைட்டுகள் போயின. கூரையோரமாக ஒளித்துவைத்த பட்டை விளக்கு, தேன் நிறத்தில், கூரையை மட்டும் தடவிக்கொடுத்தது. கூரையில் பதித்து நேர்கீழே மட்டும் வெளிச்சம் விடும் குறுகிய டவுன்லைட் நாலே நாலு: ஒன்று தொட்டிச்செடி மேல், ஒன்று புத்தக அலமாரி மேல், ஒன்று டீப்பாய் மேல், ஒன்று சுவரில் மாட்டிய மாமியாரின் படத்தின் மேல். நாற்காலிகளில் உட்கார்பவர்கள் மேல் மட்டும் எதுவும் விழவில்லை. அதுதான் கலை என்பது அவன் கட்சி. ஆக மொத்தம் அந்த ஹாலில் வெளிச்சம் விழுந்த ஒரே முகம் மாமியாருடையது.

அடுத்தது சாப்பாட்டு மேஜை. கறுப்புக் குழாய் மாதிரி ஒரு விளக்கு தொங்கியது. அதன்கீழ் தட்டுகள் மேடையேறிய நடிகைகள்போல ஜொலித்தன. சாப்பிடுகிறவர்கள் சதிகாரர்கள்போல இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

வீடு அழகாக ஆக, மாமனார் பேச்சைக் குறைத்தார். ஹால் முடிந்த வாரம் ஹாலில் வாயை மூடினார். கேட்டால் சிரிப்பார், இல்லையென்றால் "ஆமாமா" என்பார். மேஜை விளக்கு வந்த வாரம் சாப்பாட்டிலும் மௌனம். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். பிறகு ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் போட்டு உட்கார்ந்தார். அங்கே மட்டும், வெள்ளை ஓடுகளுக்கு நடுவே, கடைசி டியூப்லைட்டின் கீழ், மகள் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து வெங்காயம் நறுக்கும்போது, பழையபடி தறியும் நாயும் லிஃப்ட்டும் பேசினார். அதற்கு அவள் எதிர்ப்பேச்சு பேச, ஹாலில் தேன் வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்திருந்த டிம்மருக்கு வயிறு எரிந்தது. பழைய டியூப்லைட் ஒன்றுக்கு இருக்கும் மவுசு தனக்கு இல்லையே என்று.

"வயசானவரு, முதுகு சாய இடமில்லாம ஸ்டூல்ல உக்காந்திருக்காரு. எனக்கே ஒரு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"ஹால் பிடிக்கலையோ?"

"ஹால் பிடிக்காம இல்ல. ஹால்ல இருக்கிற நம்மளைப் பிடிக்கல போல."

டிம்மர் இதற்கு ஒரு தொழில்முறைத் தீர்வு கண்டான். சமையலறை இன்னும் பழைய கோலத்தில் இருப்பதால்தான் அவர் அதை விட்டு வரமாட்டேன் என்கிறார். அதையும் அழகாக்கிவிட்டால் வீடு முழுக்க ஒரே மாதிரி ஆகிவிடும், மனுஷன் எங்கே வேண்டுமானாலும் உட்காருவார். மாமனாருக்கு ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று புதன்கிழமை, அவர் வெளியே நடக்கப் போயிருந்த நேரத்தில், கடைசி டியூப்லைட்டைக் கழற்றிப் பால்கனியில் சாத்திவிட்டு, அலமாரிகளுக்கு அடியில் பட்டை விளக்கு ஒட்டினான். கத்தியும் பலகையும் பளபளத்தன. கத்தியைப் பிடித்த ஆள் மார்புக்குமேல் காணாமல்போனாள்.

மாமனார் திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தார். "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார். ஸ்டூலை எடுத்து மடக்கிச் சுவரோரம் வைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே சொன்னார். "ஞாயித்துக்கிழமை கிளம்பறேம்மா. என் கூட்டாளி வீட்டு மாடி ரூம் காலியா இருக்காம். ரொம்ப நாளாக் கூப்பிடறான்."

"ஏம்ப்பா? இங்க என்ன குறை?" என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்பா, உங்களைத்தான் கேக்கறேன்."

இன்னொரு சிரிப்பு. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

மனைவிக்கு மூன்று விதமான மரியாதை உண்டு. அப்பா எதிரில் டிம்மரை 'நீங்க' என்பாள். தனியாக இருந்தால் 'நீ'. கோபம் வந்தால் 'சார்'. அன்று அறைக்கதவைச் சாத்தியதும் எதுவுமே சொல்லாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். இது நாலாவது.

"நான் பேசிப் பாக்கறேன்" என்றான் டிம்மர்.

"என்னத்தைப் பேசுவ? நான் பேசினா சிரிக்கிறாரு. அதுவும் எப்படிச் சிரிக்கிறாரு பாத்தியா? பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்களைப் பாத்துச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அம்மா போனப்போ அப்பாவாவது இருக்காருன்னு இருந்தேன். இப்ப ஆள் இருக்காரு, அப்பா இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மறதி வியாதியா இருக்குமோன்னு திங்கக்கிழமைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சேன். ஞாயித்துக்கிழமையே போறேங்கறாரு. அவர் போகக் கூடாது. எப்படியாவது நிறுத்து. உன்னால முடியலன்னா சொல்லு, வாசல்ல குறுக்கப் படுத்துக்கறேன்."

"நீ படுத்தா தாண்டிப் போயிடுவாரு. மில்லுல ஓடற தறி பெல்ட்டைத் தாண்டின காலு."

அவள் சிரிக்கவில்லை. டிம்மர் தன் நகைச்சுவையின் வெளிச்சத்தையும் குறைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு மாமனார் ஹாலில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவி சத்தமில்லாமல் ஓடியது. டிம்மர் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, நாலு வார்த்தை நயமாகப் பேசி ஆரம்பிக்கலாம் என்று, "பஸ் எத்தனை மணிக்கு மாமா?" என்றான்.

பதில் இல்லை.

"மாமா, பஸ் எத்தனை மணிக்கு?"

மாமனார் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை கொஞ்சம் உரக்கவே கேட்டான். அதற்கும் அசையவில்லை. இவ்வளவு கோபமா நம்மீது என்று டிம்மர் நினைத்துக்கொண்டான்.

ஹாலையும் சமையலறையையும் பிரிக்கக் கதவு கிடையாது, அகலமான ஒரு திறப்புதான். அதன் அந்தப் பக்கம் மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து பால் எடுத்துக்கொண்டிருந்தாள். பளிச்சென்ற வெளிச்சத்துக்கு மாமனாரும் டிவியை விட்டு அந்தப் பக்கம் திரும்பினார். கணவன் மூன்று முறை கேட்டதும் அப்பா வாய் திறக்காததும் அவள் காதில் விழுந்தது. ஒரு கையால் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தபடி, முகத்தை ஹால் பக்கம் திருப்பி, கணவனுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று மூச்சுவிடுகிற அளவு குரலில் சொன்னாள்: "விடுங்க. அவருக்கு நம்மகூட இருக்கப் பிடிக்கல. என்ன பண்ண முடியும்?"

"பிடிக்கலைன்னு யாரு சொன்னா?" என்றார் மாமனார். இருபது அடி தள்ளி, நாற்காலியிலிருந்து, பட்டென்று.

மனைவி திகைத்துப்போனாள். ஃபிரிட்ஜ் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. "அப்புறம் ஏம்ப்பா போறீங்க?" என்றாள், இம்முறை நன்றாக உரக்கவே.

மாமனார் அவள் இருந்த திக்கைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு அந்தப் பஸ் சிரிப்பைச் சிரித்தார்.

அவள் பால் பாத்திரத்தை டொக்கென்று வைத்துவிட்டு அறைக்குள் போனாள். டிம்மர் மட்டும் நின்ற இடத்தில் நின்றான். காதுக்குப் பின்னால் மூன்று முறை கேட்டதற்கு வராத பதில், இருபது அடி தள்ளி முணுமுணுத்ததற்கு வந்திருக்கிறது. உரக்கக் கேட்டதும் மறுபடி போய்விட்டது. நடுவில் மாறியது என்ன? அவன் மெதுவாகச் சமையலறைக்குப் போனான். ஃபிரிட்ஜைத் திறந்தான். வெள்ளை வெளிச்சம் முகத்தில் அடித்தது. மூடினான். இருட்டு. திறந்தான். மூடினான். உள்ளே முட்டைகள் வரிசையாக உட்கார்ந்து இந்த வேடிக்கையைப் பார்த்தன.

கடைசியாக ஒருமுறை திறந்து, முகம் முழுக்க வெளிச்சம் விழுகிறமாதிரி நின்று, ஹால் பக்கம் திரும்பினான். மாமனார் இந்த வெளிச்ச விளையாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குரலே எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்தான்: பஸ் எத்தனை மணிக்கு மாமா?

"பத்தரைக்கு மாப்பிள்ளை" என்றார் மாமனார். "ஃபிரிட்ஜை மூடுங்க, எல்லாம் உருகிடப்போவுது."

சத்தம் வரவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. மில்லை விட்டு வந்தபிறகும் மனுஷன் கண்ணாலேயேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாலு மாதம் அவரைப் பேசவைத்தவை அந்த அவலட்சணமான டியூப்லைட்டுகள். அவற்றை அறை அறையாக அணைத்து, ஒவ்வொரு முகமாக இருட்டில் தள்ளி, ஒருவரைச் சொந்த மகள் வீட்டிலேயே செவிடாக்கிய பெருமை, கார்டில் 'விளக்கு வடிவமைப்பாளர்' என்று போட்டுக்கொண்டவனுக்கு. டவுன்லைட் தலைக்குமேலிருந்து விழும்போது மூக்கின் நிழல் வாயில்தான் விழும் என்பதை அவனே எத்தனையோ பேருக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறான். 'ஒரு மர்மம் கிடைக்கும் சார்' என்று.

மனைவியிடம் உடனே ஓடிச் சொல்ல வாய் வந்தது. ஆனால் மாமனார் இதைக் காதும் காதும் வைத்தமாதிரி இத்தனை நாள் காப்பாற்றிவந்திருக்கிறார். தான் போட்டு உடைப்பதா என்று அடக்கிக்கொண்டான். "நாளைக்குச் சாயங்காலம்வரை பொறு" என்று மட்டும் அவளிடம் சொன்னான்.

"நாளன்னைக்கு பஸ்ஸு சார்" என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை கடையில் டிம்மர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். ஒவ்வொரு விளக்காகப் போட்டு, அதன்கீழ் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து 'போகாதீங்க மாமா' என்று சத்தமில்லாமல் வாயசைத்தான். தொங்கும் விளக்கில் மூக்கு தெரிந்தது, வாயைக் காணோம். முதுகுக்குப் பின்னாலிருந்த விளக்கில் முகமே ஒரு கரிக்கட்டை. ஒரு வாடிக்கையாளர் தம்பதி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வேறு வரிசைக்கு நகர்ந்தார்கள்.

நாலாவதாக, பெரிய வெள்ளைத் துணிக்கூடு போட்ட நிற்கும் விளக்கு ஒன்று. உட்கார்ந்தால் முகத்தின் உயரத்துக்கு வந்தது. வாயசைத்தான்.

"எந்த மாமா?" என்றார் முதலாளியம்மா, கல்லாவிலிருந்து.

டிம்மர் துள்ளி எழுந்தான். "மேடம்! நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேக்கல. தெரிஞ்சுது. போகாதீங்க மாமான்னு நீதான திரும்பத் திரும்பச் சொல்ற? அதுக்கு முன்னாடி மூணு விளக்குல நீ ஏதோ மெல்றேன்னு நினைச்சேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். "வீட்டுல பிரச்சினையா?"

"வீட்டுல வெளிச்சம் சரியில்ல மேடம்."

"அட, அதைத்தான் நான் அன்னைக்கு வந்தப்போ நினைச்சேன்" என்றார் முதலாளியம்மா. பிறகு கொஞ்சம் யோசித்தார். "இல்ல, அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. டியூப்லைட்டுன்னு உனக்குக் கூச்சமாத்தான் இருக்கும், ஆனா எல்லாரும் அழகாத் தெரிஞ்சாங்க. அதான் ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்."

டிம்மர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாததற்குக் காரணம், கையில் கண்ணாடி இருந்ததுதான்.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். நிற்கும் விளக்குகள் இரண்டு, பால் நிறத்தில் ஒரு பெரிய கண்ணாடி உருண்டை, சுவர் விளக்குகள் இரண்டு, மேஜைக்கு ஒரு வெள்ளை விரிப்பு. வாசலருகே மாமனாரின் பை கட்டித் தயாராக இருந்தது, அதன்மேல் குடை. மனைவி மருந்துக்கடையிலிருந்து ஆறு மணிக்குத்தான் வருவாள்.

ஏணியைப் போட்டதும் மாமனார் எழுந்துவந்து கீழே பிடித்துக்கொண்டார். திருப்புளி கேட்குமுன் திருப்புளி வந்தது, டேப் கேட்குமுன் டேப் வந்தது. டிம்மர் கறுப்புக் குழாயைக் கழற்றிவிட்டு மேஜைக்கு மேலே பால் உருண்டையை மாட்டினான். வெள்ளை விரிப்பில் பட்ட வெளிச்சம் கீழிருந்தும் எழும்பி முகவாய்க்கட்டைவரை வந்தது. பகல் வேளையில் யாரும் ஜன்னலுக்கு முதுகுகாட்டி உட்கார முடியாதபடி நாற்காலிகளைத் திருப்பினான். நிற்கும் விளக்குகளை மாமனாரின் நாற்காலிக்கு எதிரே, மற்றவர்கள் உட்காரும் இடத்தின் இருபக்கமும் வைத்தான். அவற்றின் நடுவே தானே உட்கார்ந்தான்.

மாமனார் எதிரே உட்கார்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, உங்க கொள்கைக்கே விரோதமா இருக்கே?"

"முகம் தெரியட்டும்னு போட்டேன் மாமா."

அவர் விரலால் நாற்காலிக் கையை நெருடினார். "எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"ஃபிரிட்ஜுல."

"பஸ்ஸு கேட்டீங்களே, அப்பவா?"

"அப்ப சத்தமே வரல மாமா. வாயை மட்டும்தான் அசைச்சேன்."

"அடப்பாவி!" என்றார் மாமனார். மருமகனை அப்படிச் சொல்லக் கூடாது என்று நினைவு வந்து, "அடப்பாவமே" என்று திருத்திக்கொண்டார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இது பஸ் சிரிப்பு இல்லை.

"அவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன செய்வாங்க? கத்துவாங்க. காது போச்சுன்னு தெரிஞ்சா எல்லாரும் கத்தத்தான் செய்வாங்க. கத்தினா வாய் கோணிக்கும் மாப்பிள்ளை. கோணின வாயைப் படிக்க முடியாது. இருக்கிறதும் போயிடும்." சுவரில் இருந்த படத்தை ஒரு பார்வை பார்த்தார். "இவ பேசறப்போ உங்க அத்தை பேசற மாதிரியேதான் இருக்கும். கேக்கறதுக்கு எப்படியோ, பாக்கறதுக்கு அதே வாய். அதே மாதிரி முதல் வார்த்தையை நிறுத்தித் தொடங்குவா. அதைப் பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்னுதான் இங்க வந்தேன். அப்புறம் வீடு அழகாயிட்டே போச்சா... நீங்க ராப்பகலா ஏணில நின்னு செஞ்ச வேலை. எப்படி நான் போய் நல்லா இல்லன்னு சொல்றது?"

டிம்மர் இமையை வேகமாகச் சிமிட்டினான். முகம் நன்றாகத் தெரிகிற விளக்கின்கீழ் உட்கார்ந்திருப்பதில் ஒரு தொந்தரவு, கண் கலங்கினால் மறைக்க முடியாது.

"நீங்களே சொல்லிடுங்க மாமா, அவகிட்ட."

"பாப்போம்" என்றார் மாமனார். வாசலில் பை அப்படியே இருந்தது.

ஆறேகாலுக்கு மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றாமலேயே நின்று பார்த்தாள். "யாரு வீட்டுக்கு வந்துட்டேன் நான்?"

"உக்காருங்க மேடம், சாப்பாடு தயார்" என்றான் டிம்மர். "அந்த நாற்காலி இல்ல, இது."

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பழக்கதோஷத்தில் அவள் யாரையும் பார்க்காமல், யாரும் பதில் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காமல், தட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "இன்னைக்குக் கடைக்கு ஒருத்தர் வந்தாரு. இருமல் மருந்து வேணுமாம்..." தலையைத் தூக்கினாள். பால் உருண்டையின் வெளிச்சம் முகத்தில் முழுதாக விழுந்தது. "...நாய்க்கு."

"எந்த நாய்? எதிர்வீட்டுதா?" என்றார் மாமனார்.

அவள் கை பாதியில் நின்றது. "ஆமாப்பா. எதிர்வீட்டுக்காரருதான். நாய் ரெண்டு நாளா இருமுதாம்."

"இருமல் இல்ல. என்னைப் பாத்தா அது அப்படித்தான் தொண்டையைச் செருமும். போறவனை வழியனுப்புதாக்கும்."

அவள் சிரித்தாள். இன்னொன்று சொன்னாள். அதற்கும் பதில் வந்தது. மாத்திரைப் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து வாதாடிய கிழவரின் கதையைச் சொல்லும்போது, முடிவு வருமுன்னே மாமனார் சிரித்துவிட்டார். ஐந்து நிமிஷம் இப்படிப் போனது. பிறகு அவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். மேலே இருந்த உருண்டையைப் பார்த்தாள். நிற்கும் விளக்குகளைப் பார்த்தாள். அப்பாவின் கண்களைப் பார்த்தாள். அவை அவள் கண்ணை அல்ல, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சத்தமில்லாத சண்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவள் அவள். அது மில் பழக்கம், புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். வாயைப் பார்க்காவிட்டால் ஒருவருக்கு ஒன்றுமே கேட்காமல் போகும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவள் கத்தவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றி, முகத்தை வெளிச்சத்துக்கு நேராகக் கொண்டுவந்து, குரலில்லாமல் வாயை அசைத்தாள். முதல் வார்த்தையை ஒரு கணம் நிறுத்தித் தொடங்கினாள்.

மாமனாரும் குரலில்லாமலேயே பதில் சொன்னார்.

அவள் ஏதோ கேட்டாள். அவர் ஏதோ மறுத்தார். அவள் ஸ்பூனால் மேஜையைத் தட்டினாள். அவர் படத்தைக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னும் வேகமாக அசைத்தாள். அவர் கையை விரித்தார். அவள் வாசலில் இருந்த பையைக் காட்டி ஏதோ சொல்ல, அவர் தலைகுனிந்தார். உடனே அவள் எட்டி அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். பார்க்காவிட்டால் சொன்னது போய்ச்சேராதே.

நடுவில் உட்கார்ந்திருந்த டிம்மர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக் கழுத்து வலி கண்டான். இத்தனை விளக்கைப் போட்டவன் அவன்தான். அவனுக்குத்தான் ஒரு மண்ணும் விளங்கவில்லை.

"என்ன முடிவாச்சு?" என்றான், பொறுக்கமாட்டாமல்.

"இருங்க, சண்டை முடியல" என்றாள் மனைவி.

மேலும் கொஞ்சம் வாயசைப்பு. கடைசியில் மாமனார் நீளமாக ஏதோ சொல்ல, அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்ன? என்ன சொல்றாரு?"

"திங்கக்கிழமை டாக்டரை மாத்தி, காது டாக்டர்கிட்ட வர்றாராம். ஆனா காதுல எதை மாட்டினாலும் இந்த விளக்கை யாரும் மாத்தக் கூடாதாம். அப்புறம் அந்தப் பையில சவரப் பெட்டி இருக்காம், எடுத்து அலமாரியில வைக்கணுமாம்." நிறுத்தி, அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். "இன்னொரு நிபந்தனையும் இருக்கு. சமையலறை டியூப்லைட்டை என்ன பண்ணீங்கன்னு கேக்கறாரு."

"பால்கனில இருக்கு."

"நல்லவேளை, உடைக்கல" என்றார் மாமனார், குரலோடு.

தட்டில் மிச்சம் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு டிம்மர் பால்கனிக்குப் போனான். தூசி படிந்த அந்த நீளக் கழியைச் சட்டையால் துடைத்து, இடுப்பில் சாத்திக்கொண்டு, மடக்கிவைத்த ஸ்டூலைப் பிரித்து, சமையலறை நடுவே போட்டான். "ஏறுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்றார் மாமனார். மாட்டித் திருகி, சுவிட்சைப் போடச் சொன்னான். அது இரண்டு தடவை கண் சிமிட்டி, கொஞ்சம் யோசித்து, பிடித்துக்கொண்டது. வெள்ளை வெளேரென்று, ஒளிவுமறைவு இல்லாமல், நிழல் என்ற ஒன்றே தெரியாத முட்டாள் வெளிச்சம்.

டிம்மர் குனிந்து பார்த்தான். கீழே அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்று வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். தன்னைப் பற்றித்தான் ஏதோ கிண்டல் என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் இருவரும் அடிக்கடி மேலே பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஸ்டூலைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்ன மாமனார் இரண்டு கையையும் பேச்சில் விட்டுவிட்டார். ஸ்டூல் ஆடியது. டிம்மர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, இறங்க அவசரப்படாமல், அந்த இரண்டு முகங்களையும் மேலிருந்து பார்த்துக்கொண்டே நின்றான்.